நடுக்கோடு

பிரிக்பீல்ட்ஸில் காலை பதினோரு மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. எங்கள் கண் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டுதான் படியேறுவார்கள். பத்து நிமிடம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் சோதனைக்குக் கூப்பிடுவேன். பன்னிரண்டு வருஷமாக அதுதான் என் வழக்கம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

கார்த்திகேசுவையும் அப்படித்தான் உட்காரவைத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்குகிறவர்களை மேய்க்கிற மண்டோராக, மேஸ்திரியாக இருந்தவர் அவர். என் அப்பா நாகையா அவருக்குக் கீழே பதினாறு வருஷம் மூட்டை தூக்கினார். அப்பாவுக்குக் கிளாக்கோமா. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அது தெரிந்ததும் கார்த்திகேசுவுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. டீ கிளாஸை நீட்டுவார், அப்பாவின் கை வரும்போது பக்கவாட்டில் நகர்த்துவார். "எங்கடா தடவுற, டீ இங்க லா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் பக்கத்தில் வந்த ஃபோர்க்லிப்ட்டை அப்பா பார்க்கவில்லை. கால் போனது. மண்டோர் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு மலாய்ச் சொல்தான் எழுதினார், மாபோக் என்று. குடிபோதையாம். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனிதர் அப்பா. சாகும்வரை எங்கள் பிளாட்டில் அவர் பெயர் 'மாபோக் நாகையா'. பள்ளிக்கூடத்தில் நான் மாபோக் மகள்.

வேறொரு கிளினிக்கில் கிளாக்கோமா என்று சொல்லி, கார்த்திகேசுவுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கண்ணில் பிரஷர் நார்மல். பிரஷர் நார்மலாகவே இருந்தும் நரம்பு கெடுகிற கிளாக்கோமா உண்டு, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கும் சோதனையை நான் செய்தேன். கிளாக்கோமா நரம்பைக் குழியாகத் தோண்டும். பார்வை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து வில் போல வளைந்து போகும். மூளைக்குள் கட்டி வந்து அழுத்தினால் நரம்பு வெளுத்துப்போகும். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதிப் பார்வை மட்டும் மறைந்து, அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல, நடுக்கோட்டோடு நின்றுவிடும். அவருடைய தாள் அப்படித்தான் வந்தது.

மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை வெளிப்பக்கமாகக் காட்டினேன்.

"கலர் எப்படி அங்கிள்?"

"சாயம் போன வேட்டி மாதிரி இருக்கும்மா."

மூக்குப் பக்கம் நகர்த்தினேன். "இப்ப?"

"இப்ப நல்ல சிவப்பு. என்னம்மா, மேஜிக் காட்டுறியா?"

அந்த மாதிரிக் கட்டியைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம். சீக்கிரம் எடுத்தால் பார்வையும் திரும்பும். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தால் போதும். நான் அதை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஃபைலில், 'நோயாளி ஒத்துழைக்கவில்லை, சோதனையை நம்ப முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபடி' என்று எழுதினேன்.

இரண்டாவது தடவை அவர் மனைவி இராஜம்மா கூட வந்தார். "ரெண்டு தோளும் கதவுல இடிச்சுக்கிறாரும்மா. தலைவலி வேற. பக்கத்து வீட்டுல குடிக்கிறாருன்னு நினைக்கிறாங்க."

"பிரஷர் நார்மல் ஆன்டி" என்றேன். அது உண்மை. நம் ஆட்களுக்குக் கண் நோய் என்றாலே பிரஷர்தான். அது நார்மல் என்றால் நோயே இல்லை. அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை.

மூன்று தடவை அதே வரியை எழுதினேன். போன மாதம் அவர் பாசாரில் காய்கறி வாங்கும்போது விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துக் கட்டியை அகற்றினார்கள். உயிர் இருக்கிறது, பார்வை இல்லை. சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். டீ கிளாஸை நீட்டி, அவர் கை வரும்போது கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு தடவைதான். பிறகு கையில் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் தாளைக் கேட்க மாட்டார் என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் சோதனை செய்வது புதன்கிழமை, டாக்டர் வருவது வியாழனும் சனியும். கார்த்திகேசுவின் ஃபைல் முதல் தடவை சனிக்கிழமைக்குத்தான் போக இருந்தது. அதற்கு முன்னால், வியாழக்கிழமை டாக்டரிடம் போகிற ஃபைல் ஒன்றில் அதே வரியை எழுதிப் பார்த்தேன். செந்தூலில் நாசி லெமாக் சோறு விற்கிற ஆயிஷா அக்காவின் ஃபைல். அவருக்கு வந்திருந்தது உண்மையான கிளாக்கோமா, வேகமாக முற்றிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். டாக்டர் வரியைப் படித்து, "சரி, ஆறு மாசம்" என்றார். தாளைக் கேட்கவில்லை.

அக்காவை இப்போது மகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, சார். அவருக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவர் பெயரை இந்த வழக்கில் சேர்க்கத் தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.