பெட்டிகளை நான் ஏன் தூங்கவிடவில்லை

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? போன தடவை நாலைந்து பேர் கழுத்து வலி, கண் எரிச்சல்னு எழுதியிருந்தீங்க. இப்ப தேவலையா? நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டுப் பாருங்க, எனக்கு அதுலதான் சரியாச்சு. முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுது. மத்தபடி ஒரு குறையும் இல்லை.

போன மாதம் நான் போட்ட புதுப் பதிப்பைப் பற்றி உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். "அம்மா, ராப்பருக்குள்ள ஒரு வரி 'தூசி'ன்னு ஒரு காலி ஃபைல் இருக்கான்னு தேடுது. சும்மா அந்தப் பேர்ல ஒண்ணு வெச்சுப் பாத்தேன். திரையில என் பெட்டியெல்லாம் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இது எதுக்கு?" நல்ல கேள்வி. மழுப்பினால் இனி யாரும் என் ராப்பரைத் தொடமாட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டுகளில் பந்து விழுவது, பெட்டி சரிவது, வண்டி மோதுவது எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிற லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, எங்கள் வீட்டுக்காரர் எழுதியது. அது பேசுகிற மொழி கரடுமுரடு. விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு அது பிடிபடாது. நடுவில் நின்று, அவர்கள் கேட்பதை இதற்கும், இது சொல்வதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ராப்பர். அது நான் எழுதியது. முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் ஒரே வழக்கம். லைப்ரரியை நான் தொடமாட்டேன், ராப்பரை அவர் தொடமாட்டார். நான் முடித்துக் கொடுக்கும் ஃபைலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வார். படுக்கையில் யாருக்கு எந்தப் பக்கம் என்பது போல, பேசிவைக்காமலே அமைந்துபோன ஏற்பாடு.

இந்தப் பெட்டி விஷயமும் தெரிந்தால்தான் இனி சொல்வது புரியும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் பெட்டிகள் கொஞ்சம் ஆடும், பிறகு அடங்கும். அடங்கியதை லைப்ரரி தூங்கவைத்துவிடும். தூங்குகிற பெட்டிக்குக் கணக்கு கிடையாது, கல் மாதிரி நிற்கும். அது எங்கே இருக்கிறது என்று ராப்பர் கேட்கலாம், அதனால் தூக்கம் கலையாது. ஆரம்ப காலத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். இடத்தைக் கேட்டுவிட்டு, அதே இடத்தைத் திரும்ப எழுதியும் வைத்தேன். எழுதினால் பெட்டி விழித்துக்கொள்ளும். தூங்குகிறவரைத் தட்டி, "தூங்கறீங்களா?" என்று விசாரிக்கிற கதைதான். நொடிக்கு அறுபது தடவை விசாரித்தால் யார்தான் தூங்குவார்கள். அடுக்கு முழுவதும் நடுங்கியது.

தன் பக்கத்திலிருந்தே தடம் பிடித்து அதைக் கண்டுபிடிக்க இவருக்கு மூன்று நாள் ஆனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தவர்கள் முன்னால் சொன்னார், "மிட்டாய் பண்றது நான். மேல பேப்பர் சுத்தறதுதான் இவ வேலை. அதையும் கோணலா சுத்தியிருக்கா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெகு தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய விளையாட்டுக் கம்பெனி இவரைக் கூப்பிட்டது. அங்கேயே இரண்டு வருஷம் இருந்து பார்க்கவேண்டிய வேலை. அதற்கு முன்னால் ஐந்நூறு பெட்டி அடுக்கு ஒன்று அசையாமல் நிற்பதை அவர்களுக்குக் காட்டவேண்டும். மூன்று வாரம் அவகாசம். இவர் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தால் இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. நான் பரண் மேலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எதுக்கும்மா அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு அலையற? பெரியவ வீட்டுல போய் இரு. பேரப்பசங்களப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றார்.

"ராப்பருக்கு ஏதாவது வந்துச்சுன்னா?"

"அதுக்கெல்லாம் அங்க ஆள் இருக்காங்க."

அன்பாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. சூட்கேஸை முழுவதும் துடைத்து முடித்துத் திரும்ப மேலே வைத்தேன். பாதி துடைத்து வைத்தால் எனக்குப் பிடிக்காது.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது அந்தப் பழைய தப்பை ராப்பருக்குள் திரும்ப வைத்தேன். சும்மா வைத்தால் அரை மணியில் பிடித்துவிடுவார். எங்கள் இரண்டு மெஷினுக்கும் பொதுவாக ஒரு போல்டர் உண்டு. அதில் 'தூசி' என்று ஒரு காலி ஃபைல் இருந்தால் அடுக்கு நடுங்கும். இல்லாவிட்டால் நிற்கும். என் நாற்காலியை விட்டு எழாமலே வைக்கலாம், எடுக்கலாம். கேட்டவருக்கு இதுதான் பதில்.

"இங்க வாயேன். ஆடுது பாரு" என்று கூப்பிடுவார். ஃபைலை எடுத்துவிட்டு, எழுந்து, மெதுவாக அவர் அறைக்குப் போவேன்.

"எங்கங்க? நல்லாத்தானே நிக்குது."

"இப்பதான் ஆடுச்சு."

"சரிங்க" என்பேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஆடும்.

ராப்பர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார், நின்றது. ராப்பரோடு ஓட்டினார், காலையில் நின்றது, மத்தியானம் ஆடியது. கண்ணாடியைத் துடைத்தார். திரையை மாற்றினார். மேஜைக் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தார். அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காருவார், எழுந்திருப்பார், கூடத்தில் நாலு நடை நடப்பார், திரும்ப உட்காருவார். சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. பெட்டியை எழுப்புவது யார் என்று லைப்ரரியையே எழுதிவைக்கச் சொன்னார். நாலாயிரம் வரி. ஒவ்வொன்றிலும் ராப்பர் பெயர்தான். "கெடச்சுடுச்சு, இங்க வா" என்று கூப்பிட்டார். அந்தப் பட்டியல் பொதுப் போல்டரில்தான் இருந்தது. போவதற்கு முன்னால் அழித்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் கை கொஞ்சம் கூசியது என்று சொல்லவேண்டும்.

"இங்கதான் இருந்துச்சு. நாலாயிரம் வரி."

"எப்பங்க எழுத வெச்சீங்க?"

"இப்ப. காலைல. இல்ல..." என்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒரு பதிலுக்காக அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காட்டவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவரே கம்பெனியைப் போனில் கூப்பிட்டு, "எனக்கு வயசாயிடுச்சு, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். ஃபைலை அப்போதே எடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதானே, அவர் போகக்கூடாது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, வெளியே கிளம்பித் தெருமுனை வரை வந்தபின், "நான் கதவைப் பூட்டினேனா?" என்று கேட்டார். பூட்டியிருந்தார். நான் பார்த்தேன். "பூட்டலையேங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் திரும்பி ஓடினார். நான் பின்னாலேயே போய், சாவியை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது, கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு அடுப்பு, மூக்குக் கண்ணாடி, தேதி. தினமும் ஒன்று, அதற்கு மேல் இல்லை.

பெரியவள் வந்து இரண்டு நாள் இருந்தாள். "அப்பா எங்கிட்ட நல்லாத்தானேம்மா பேசறாரு? உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு."

"ரெண்டு நாள் பாத்துட்டு நீ சொல்ற. நான் தினம் பாக்கறேன்" என்றேன்.

அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன் எல்லாம் சுத்தம். இந்த மாதிரி விஷயத்தில் கூட இருப்பவர் சொல்வதுதான் முக்கியம் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். சொன்னேன். நாலாயிரம் வரியைப் பற்றிக்கூடச் சொன்னேன், அவர் கண்டதாகச் சொன்ன, எங்கேயும் இல்லாத நாலாயிரம் வரி. டாக்டர் மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அதைப் போட்டால் நாக்கு கொஞ்சம் குழறும், ஆனால் நடை நிற்கவில்லை. அறை அறையாகப் போய் ஸ்விட்சுகளைத் தொட்டுப் பார்க்கிறார். இதை எழுதும்போதுகூட என் பின்னால் மூன்று தடவை போய்விட்டார். மெஷின் பக்கமே வருவதில்லை. லைப்ரரிக்கு வரும் கேள்விகளுக்கும் இப்போது நான்தான் பதில் எழுதுகிறேன், ஒன்றரை வருஷமாக. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன மாதம் உங்களுக்குப் புதுப் பதிப்பு அனுப்பும்போது, சுத்தமானதற்குப் பதில் வீட்டு ராப்பரை அனுப்பிவிட்டேன். அந்த வரி இன்னும் உள்ளே இருக்கிறது என்பது எனக்கு ஞாபகமே இல்லை. நாளைக்குச் சரியானதைப் போடுகிறேன். அதுவரை அந்தப் பெயரில் ஃபைல் வைக்காதீங்க, ஒன்றும் ஆகாது.

அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொன்னேன். உங்கள் கேள்வி வந்த அன்றைக்கே, பக்கத்தில் உட்காரவைத்து, "அந்த நடுக்கம் நான் போட்டதுங்க. வரியையெல்லாம் அழிச்சதும் நான்தான். உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காகப் பழியத் தூக்கி உன் மேல போட்டுக்கறியா? விடும்மா. கோளாறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

மறுநாள் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "நேத்து நீ எங்கிட்ட ஏதோ சொன்னியே. நெசமாவே சொன்னியா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனா?"

"நான் ஒண்ணும் சொல்லலையேங்க" என்றேன்.

பார்த்தீங்களா, அந்த அளவுக்கு வந்துவிட்டது. நேற்றுச் சொன்னது இன்றைக்கு நிற்பதில்லை. என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள். உங்க வீட்டிலும் இப்படி மறதிக்காரர் யாராவது இருந்தால், அவர்களை எப்படிச் சமாளிக்கிறீங்க, என்ன சொல்லித் தேத்தறீங்கன்னு எனக்குக் கொஞ்சம் எழுதுங்க.