இருபத்திரண்டாம் வருட ஒயினைக் காபி பிளாஸ்கில் ஊற்றியது சம்பந்தமாக

என் பெயர் திருநாவுக்கரசு. தகப்பனார் நடேசன், காலமாகிவிட்டார். எனக்கு வயது எழுபத்து மூன்று. சொந்த ஊர் குடியாத்தம். காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்று, தற்சமயம் அல்வாலில் என் மகன் சங்கருடன் குடியிருக்கிறேன். ஆறாவது வரை படித்திருக்கிறேன். இந்த ஊர்த் தெலுங்கும் உருதும் பேச வரும், எழுத வராது. ஆகவே நான் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தூர்க்காரரான தலைமைக் காவலர் பெருமாள் எழுதுகிறார். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, நானாகத்தான் நிலையத்துக்கு வந்தேன்.

என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். அவனும் அவன் சிநேகிதர்களும் எப்போதாவது ஒரு சனிக்கிழமை கூடி ஒயின் ருசி பார்ப்பார்கள். குடிப்பது கொஞ்சம், பேசுவது அதிகம். போன சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. பிரான்ஸ் நாட்டு வெள்ளை ஒயின், இனிப்பே இல்லாதது, சாப்லி என்று பெயர். ஒரே தோட்டத்துச் சரக்கு, இரண்டாயிரத்து இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று மூன்று வருடத்துப் பாட்டில்கள். எது எந்த வருடம் என்று பார்க்காமல் ருசித்துச் சொல்வதுதான் அன்றைய ஏற்பாடு. பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒயின் கடையில் வேலை செய்யும் இர்பான். கடையில் இருபத்திரண்டு இல்லாததால், அதை மட்டும் அவர் வேறு இடத்தில் தேடி வாங்கி வந்தார். அவருடைய தாயார் ஆம்பூர்க்காரர் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார், சித்தப்பா முறை வைத்து சாச்சா என்று கூப்பிடுவார். நான் அவரைக் கேலி செய்யாமல் அனுப்பியதில்லை. அன்றும், "குடிக்காதவன் கையால வாங்கினாத்தான்டா போதை ஏறும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சாச்சா, நீங்க தொட்டாலே ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு, பாட்டில்களின் மேல் தாள் சுற்றி எண் போடுவது யார் என்ற பேச்சு வந்தது. சுற்றுகிறவருக்கு எது எதுவென்று தெரிந்துவிடும், முகத்தில் காட்டிவிடுவார் என்று தீபக் என்பவர் சொன்னார். அவர் என் மகனுக்கு மேலதிகாரி. அதற்கு என் மகன், "அப்பா சுத்தட்டும் சார், அவருக்கு இங்கிலீஷே படிக்க வராது, பிரெஞ்சு எங்க படிக்கப் போறாரு" என்றான். எல்லாரும் சரி என்றார்கள். பிரெஞ்சு எனக்குத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் வருடம் எண்ணில்தான் போட்டிருந்தது. ஸ்டோரில் நான் ஆயுசு முழுக்க எண்ணைப் பார்த்துத்தான் சாமான் எடுத்துக் கொடுத்தேன். இதை அவர்கள் யோசிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அதன் பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பாட்டில்களையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுக் குடித்து, பழக்கதோஷத்தில் கையைத் தலையில் துடைத்துக்கொண்டேன். இருபத்தொன்று பல் கூசும்படி புளித்தது. மற்ற இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. எனக்கு ஒன்றாக இருந்தால் இவர்களுக்கும் ஒன்றாகத்தான் இருக்கும், வாய்க்கு வந்ததைச் சொல்லிக் காலம் தள்ளுகிறார்கள் என்று முடிவு செய்தேன். ஆகவே இருபத்திரண்டாம் வருட ஒயின் முழுவதையும் என் காபி பிளாஸ்கில் ஊற்றி மூடிவைத்து, இருபத்து மூன்றில் பாதியை அந்தக் காலிப் பாட்டிலில் ஊற்றினேன். வந்திருந்தது ஆறு பேர், பாதிப் பாட்டில் போதும். பிறகு மூன்றுக்கும் தினத்தாள் சுற்றி, நூல் கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வருட வரிசையிலேயே எண் போட்டேன். இரண்டிலும் மூன்றிலும் இருந்தது ஒரே ஒயின். ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அதன் பிறகு, அவர்கள் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்த்தார்கள். நான் தீபக்கிடம், "தம்பி, மூக்கு வழியாவே எறக்கிடப் போறியா?" என்று கேட்டேன். என் மகன் என்னை முறைத்தான். தீபக், இரண்டாவது நல்ல வெயில் வருடம், சதைப்பற்று இருக்கிறது, மூன்றாவது அதைவிட லேசு என்று விவரமாகச் சொன்னார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போனேன். அப்போது மஹதி என்கிற பெண், ஓட்டல் ஒன்றில் ஒயின் பிரிவைக் கவனிப்பவர், அதுவரை பேசாமல் இருந்தவர், "ரெண்டும் மூணும் ஒரே ஒயின். வருஷம்கூட ஒண்ணுதான்" என்றார். நன்றாகப் பார்க்கும்படி தீபக் சொன்னார். "எத்தனை வாட்டி பாத்தாலும் அதேதான் சார்" என்றார் அந்தப் பெண். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தாளைப் பிரித்ததும் இரண்டாவது பாட்டிலில் இருபத்திரண்டு என்ற லேபிள் இருந்தது. தீபக்கின் முகம் சிவந்தது. "அப்ப லேபிள் டூப்ளிகேட். இதை எங்கிருந்தோ கொண்டாந்தவன் அந்த டெலிவரி ஆளுதானே?" என்றார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சூடேறட்டும், நாளைக்கு பிளாஸ்கை எடுத்து வைத்து எல்லாரையும் கேலி செய்யலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேரனோடு மல்லாபூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனதில் அதுவும் தள்ளிப்போனது.

இன்று காலை காபி குடிக்கும்போது என் மகன், தீபக் புகார் கொடுத்துவிட்டார் என்றும், இர்பானை நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும், போலிச் சரக்கு என்று பேச்சு வந்ததால் கடைக்காரர் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னான். நான் பிளாஸ்க் விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். பிறகு, "நீங்க போகாதீங்கப்பா. தீபக் சார் பேசினதெல்லாம் பொய்னு ஆயிடும். தினம் அவர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? இர்பானுக்கு வேற கடை கிடைக்கும்" என்றான். "உனக்கும்தான் வேற கம்பெனி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

நான் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. இதை எழுதும் பெருமாள்கூட, "பெரியவரே, அந்தப் பையனைக் காப்பாத்தக் கதை கட்டாதீங்க. பிளாஸ்க்ல இருக்கிறது எந்த வருஷம்னு யாரு சொல்றது?" என்று கேட்டார். சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்றேன். அதன் பிறகு உதவி ஆய்வாளர் அம்மா, மஹதியை அழைத்துவர ஆள் அனுப்பினார். என்னை உள்ளறையில் உட்காரச் சொல்லி, பிளாஸ்கையும் என் பக்கத்திலேயே வைத்தார்கள். தீபக் மீதி ஒயினோடு எடுத்துப்போய்ப் புகாருடன் கொடுத்திருந்த பாட்டில்கள் மூன்றிலிருந்தும் பிளாஸ்கிலிருந்தும் தனித்தனியாக நாலு டீ கிளாஸில் ஊற்றி வெளியே கொண்டுபோனார்கள். பிளாஸ்க் பற்றி மஹதியிடம் யாரும் வாய் திறக்கவில்லை. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

துப்ப எதிலே என்று மஹதி கேட்டார். பெருமாள் தீயணைப்பு மணல் வாளியைக் காட்டினார். மஹதி நாலையும் ருசித்துத் துப்பிவிட்டு, முதல் கிளாஸ் இருபத்தொன்று, அந்த வருடம் அங்கே பனி அடித்துக் கொடி கருகியது, அதனால்தான் இந்தப் புளிப்பு என்றார். அடுத்த இரண்டும் அன்றைக்குப் போலவே ஒரே ஒயின் என்றார். நாலாவதை மறுபடி எடுத்து மோந்து, "இதுதான் சார் நிஜமான இருபத்திரண்டு. அன்னிக்கு வந்திருக்க வேண்டியது. ஆனா எதுல வெச்சிருந்தீங்க? டிகாக்‌ஷன் வாசனை அடிக்குதே" என்றார். உதவி ஆய்வாளர் அம்மா உள்ளே வந்து என் பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்தார். பெருமாளும் மோந்து பார்த்தார். அதன் பிறகு இதை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

இர்பான் கொண்டுவந்த மூன்று பாட்டிலும் அசல் சரக்கு. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாற்றி ஊற்றியது நான் ஒருவன் மட்டுமே. இதன் நகல் ஒன்றை அவர் கடைக்காரரிடம் காட்டுவதற்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். கொடுப்பதாகச் சொன்னார்கள்.

இர்பானைப் போகச் சொன்னபோது அவர் பெஞ்சிலிருந்து எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். நான் வழக்கம்போல, "என்னடா, அடுத்த வாட்டி இருபத்து நாலு கொண்டாருவியா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கொண்டாறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெருமாள் இதை எழுத வேண்டியதில்லை என்றார். சாச்சா என்று சொல்லவில்லை, சார் என்றுதான் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதும்படி நான் சொன்னேன்.

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

ந. திருநாவுக்கரசு