ஜட்ஜ் லீவிட்டுக்கு ஓர் இரங்கலுரை

— வெர்மான்ட்ல பொறந்தாருன்னு எழுதிக்கிட்டேம்மா. ஒஹாயோவுக்கு எப்ப வந்தாரு?

— மீசை முளைச்ச வயசுல. வாத்தியார் வேலை பாத்துக்கிட்டே சட்டம் படிச்சாரு. காபி ஆறுது, மிஸ்டர் ட்ரிப்.

— குடிக்கிறேன். நாளைக்குக் கோர்ட்டு கூடினதும் வக்கீலுங்க சார்பா நான்தான் பேசணும் பாருங்க. பேசறது அப்படியே கோர்ட்டுப் பதிவுல ஏறிடும். தப்பு வந்துடக் கூடாதுன்னுதான் உங்களைத் தொந்தரவு பண்றேன். நேத்துதான் புருஷனை அடக்கம் பண்ணியிருக்கீங்க...

— தொந்தரவு இல்ல. அழுகையும் வரல. வந்தவங்கல்லாம் என் மூஞ்சியையே பாத்துட்டுப் போனாங்க. கேளுங்க.

— ஊர் ஊரா குதிரையில போய் வழக்கு விசாரிச்சாரு. அவரு, நான், எதிர்த்தரப்பு வக்கீல், மூணு பேரும் சத்திரத்துல ஒரே கட்டில்ல படுத்திருக்கோம் பாருங்க. அப்புறம் மாநில உச்ச நீதிமன்றம்.

— அதுக்கப்புறம்தான் வீட்ல தங்கினாரு.

— சபை சிரிக்க ஒரு கதையும் வெச்சிருக்கேன். ஆல்டர் கிரீக்ல குதிரைத் திருட்டு வழக்கு. எனக்கு முதல் வாதம். நடுவுல ஒருத்தன் மேலெல்லாம் சேறோட உள்ள வந்து, ஜட்ஜுகிட்டப் பேசணும்னு நின்னான். கோர்ட்டு நடக்கறப்ப அவருகிட்ட யாரு பேச முடியும்? கலையற வரைக்கும் வெளியில உக்காரட்டும்னுட்டாரு. ஷெரீஃப் அவனை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனாரு. ஜூரியே சிரிச்சிட்டாங்க.

— அந்த ஆளை இவரு பாத்தாரா?

— நேருக்கு நேரா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மாட்டிக்கிட்டு, நல்லாப் பாத்தாரு. அப்புறம்தான் வெளியில உக்காரச் சொன்னாரு. விளக்கேத்தற வரைக்கும் நான் பேசினேன். எனக்குப் பேரு வந்ததே அன்னைக்குத்தான்.

— அது என் தம்பி ஈனாஸ்.

— யாரு?

— சேறோட வந்தவன். எங்க பொண்ணு அல்மிராவுக்குக் காய்ச்சல்ல தொண்டை அடைச்சிருச்சு. அப்பா அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. ரெண்டு மணி நேரத்துல கூட்டிட்டு வந்துடலாம்னு நான்தான் அவனை அனுப்பினேன். அவரு வந்தப்ப பிள்ளையைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம்.

— சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. அந்தக் கதையை எடுத்துடறேன்.

— எடுக்காதீங்க. பதிவுல ஏறட்டும். சேத்துல முகம் அடையாளம் தெரியலன்னு சாகற வரைக்கும் எங்கிட்ட சொன்னாரு. அதை நம்பித்தான் நான் அவருகூட வாழ்ந்தேன்.