பதினெட்டு டாலரில் நின்ற கை

என் பெயர் லியோனர்ட் ஜான் வாஷ்கோ. தகப்பனார் பெயர் ஆண்ட்ரூ வாஷ்கோ, காலமாகிவிட்டார். எனக்கு வயது எழுபத்தெட்டு. பென்சில்வேனியா மாநிலம் ஆல்டூனாவில், ரயில் பாதைக்கு மேற்கே இரண்டாவது தெருவில், மாடியறையில் தனியாகக் குடியிருக்கிறேன். ரயில் பட்டறையில் சக்கரப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. நான் சொல்லச் சொல்ல, விசாரணை அதிகாரி மிஸ் ஓர்டிஸ் எழுதிக்கொள்கிறார்.

இறந்துபோன கார்ல் பிரன்னரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அவர் டயர் கடை வைத்திருந்தார். இப்போது காவலில் இருக்கும் எமில் ஹுட்சாக்கை அதற்கும் முன்பிருந்தே தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய மகன் டேனி பேஸ்பால் பெரிய லீக்கில் பிட்சர், அதாவது பந்து எறிகிறவன். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும்.

நாங்கள் எல்லோரும் பாட்ஸி ஃபியோரே நடத்தும் மதுக்கடையில் கூடுகிறவர்கள். அங்கே வருடாவருடம் மார்ச் மாதக் கடைசியில், பேஸ்பால் பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, ஆட்டக்காரர்களை ஏலம் விடுவது வழக்கம். அதிகாரிக்கு இந்த ஆட்டம் தெரியாது என்றதால் விவரம் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறார்கள். அது நிஜ அணி அல்ல, பேச்சளவில்தான். ஒவ்வொருவருக்கும் இருநூற்றறுபது டாலர், அதுவும் பேச்சளவில்தான். நிஜமாக ஆடும் ஆட்டக்காரர்களை அந்தப் பணத்தில் ஏலம் எடுக்க வேண்டும். எடுத்த விலைதான் அந்த ஆட்டக்காரனுக்குச் சம்பளம். நிஜ மைதானத்தில் அவன் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி ஏறும். ஒருவனுக்கு அதிகம் கொடுத்துவிட்டால் மற்றவர்களை எடுக்கக் கையில் பணம் இருக்காது. அவ்வளவுதான் ஆட்டம்.

இதில் மிகவும் கஷ்டம் ஆட்டத்தைத் தொடங்கி எறியும் பிட்சருக்கு விலை வைப்பது. மட்டை பிடிப்பவன் தினமும் ஆடுவான். பிட்சர் ஐந்து நாளுக்கு ஒரு தரம்தான் எறிவான். எத்தனை பேரை அவுட் ஆக்குவான், எத்தனை ஓட்டம் கொடுப்பான் என்பதைப் போன வருடத்தை வைத்துச் சொல்லிவிடலாம். செப்டம்பர் வரை கை தாங்குமா என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது. விலையில் பாதி அந்தக் கேள்விக்குத்தான். முழங்கை நன்றாக இருந்தால் இருபத்திரண்டு டாலர் பெறுகிறவன், அது கெட்டுப்போனால் ஒரு டாலர்கூடப் பெறமாட்டான்.

படிக்கத் தெரியாதவன் அணி வைத்துச் சமாளிக்க முடியாது என்பதால் எனக்கு அணி இல்லை. ஏலம் கூறுவது என் வேலை. யார் எவ்வளவு கேட்டார் என்பதை மனதில் வைத்துக்கொள்வேன். அதில் இதுவரை தகராறு வந்ததில்லை.

டேனி பெரிய லீக்குக்குப் போன நாளிலிருந்து அவனை எமில்தான் எடுப்பார். என்ன விலையானாலும் விடமாட்டார். அது தெரிந்து மற்றவர்கள் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். இருபத்திரண்டு பெறும் பையனுக்கு முப்பத்தைந்து, முப்பத்தேழு என்று கொடுத்து எடுப்பார். எங்கள் கடையில் இதற்கு அப்பன் வரி என்று பெயர். அதனால் எமில் ஒரு வருடமும் ஜெயித்ததில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டும் நான் கேட்டதில்லை.

இந்த வருடம் ஏலம் மத்தியானம் தொடங்கியது. பாட்ஸி முட்டைக்கோஸும் மாவுத் துண்டுகளும் போட்டு வதக்கிய ஹலுஷ்கி கிண்டி வைத்திருந்தார். டேனியின் பெயரை ஏலத்துக்கு வைத்தவர் கார்ல்.

"எமிலு, பர்ஸை எடு. வரி கட்டுற நேரம் வந்தாச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எமிலும் சிரித்தார்.

விலை பத்தைத் தாண்டியதும் வழக்கம்போல மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள், கார்லும் எமிலும் மட்டும் ஏற்றினார்கள். எமில் கையைத் தூக்கிப் பதினெட்டு என்றார். கார்ல் பத்தொன்பது என்றார். அதன் பிறகு நான் எமிலைப் பார்த்தேன். அவர் மேசையில் இருந்த உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தரம் என்றேன். இரண்டு தரம் என்றேன். எப்போதும் கூறும் வேகத்தில்தான் கூறினேன்.

"டேய், உன் பையன்டா! ஏத்துடா!" என்று கார்ல் சொன்னார்.

"போதும்" என்றார் எமில்.

நான் மூன்று தரம் என்று சொல்லி, டேனி கார்லுக்கு என்று முடித்தேன். பாட்ஸிதான், "கார்லு, இனிமே நீதான்யா அப்பன். காலேஜ் ஃபீஸ்லாம் கட்டிடு" என்றார். கார்ல் சிரிக்கவில்லை. "சும்மா வம்புக்கு ஏத்தினேன் பெரிசு, அழிச்சிட்டு மறுபடி கூறுங்க" என்று என்னிடம் கேட்டார். கடையில் என்னை எல்லோரும் பெரிசு என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று தரம் சொன்ன பிறகு அழிப்பது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஏலம் சாயந்திரம் வரை நடந்தது. எமிலிடம் பணம் மிச்சம் இருந்ததால் இந்த முறை நல்ல மட்டைக்காரர்களாகப் பார்த்து எடுத்தார்.

திங்கட்கிழமை காலை நான் அடுக்களையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். பிட்சர்களுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி. அதில் கார்லின் குரல் வந்தது. பத்தொன்பது டாலருக்கு டேனி ஹுட்சாக்கை எடுத்துவிட்டேன், அந்தச் சம்பளம் தாங்குமா என்று கேட்டார். நடத்துகிறவர், "இருபத்திரண்டு தாங்குவானே சார், உங்களுக்கு லாபம்தானே" என்றார்.

"லாபம்னா அவங்க அப்பா ஏங்க விட்டாரு?" என்று கார்ல் கேட்டார்.

"யாரு, அப்பாவா?"

"எங்க லீக்குலதான் இருக்காரு. வருஷா வருஷம் முப்பத்தஞ்சுக்குக் குறையாம எடுத்த மனுஷன். இந்த வருஷம் பதினெட்டுல கையை இறக்கிட்டாரு. பெத்தவருக்குத் தெரியாததா?"

நடத்துகிறவர் வாய்விட்டுச் சிரித்து, "அப்ப கிடைச்ச விலைக்குத் தள்ளிடுங்க சார்" என்றார். அதன் பிறகு விளம்பரம் போட்டார்கள்.

டேனிக்கு அவனுடைய அணி ஐந்து வருடத்துக்கு நாலு கோடியே எண்பது லட்சம் டாலர் என்று பேசி முடித்திருந்தது. அது நிஜப் பணம். அந்த வாரத்தில் கையெழுத்து ஆக வேண்டும் என்று ஊரெல்லாம் தெரியும். ரேடியோவில் பேசியது அன்றே அணிக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. கையெழுத்துக்கு முன் முழங்கையை இன்னொரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்துப் பார்த்ததில் உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. புதன்கிழமை ஒப்பந்தம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள்.

அன்று சாயந்திரம் எமில் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜனவரியில் டேனி ஊருக்கு வந்திருந்தபோது கராஜில் எறிந்து பழகியதாகவும், பந்தைப் பிடித்தவர் தானே என்றும் சொன்னார். "நாலு பந்துதான் எறிஞ்சான் பெரிசு. கையைப் பிடிச்சிட்டுக் கீழ உக்காந்துட்டான். கையெழுத்து ஆகற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுப்பா, அம்மாவுக்குக்கூடன்னான். நானும் சொல்லல. வாயைத் திறக்கல."

பிறகு ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன். "பதினெட்டு வரைக்கும் நடிச்சேன். செத்த கைக்கு நாப்பது போட்டா இந்த வருஷமும் கடைசிதான்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. ஒரே நிமிஷம். அதுக்குள்ள நீங்க மூணு தரம் சொல்லிட்டீங்க" என்றார். அவர் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியில் இறைச்சி தின்னக்கூடாது என்பதால் பாட்ஸி கடையில் பொரித்த மீன் போட்டிருந்தார்கள், கூட்டம் இருந்தது. நான் தொலைக்காட்சிக்குக் கீழே என் இடத்தில் இருந்தேன். எமில் சன்னலோர மேசையில் இருந்தார். மீன் வாங்கி வைத்திருந்தார், தின்னவில்லை. கார்ல் சுவரோரம் உயரமான முக்காலியில் இருந்தார். நாலு மணி சுமாருக்கு டேனி உள்ளே வந்தான். புளோரிடாவிலிருந்து நேராகக் காரிலேயே வந்ததாகச் சொன்னான். வலது கையைக் கோட்டுப் பையில் வைத்திருந்தான். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா அங்கிள்" என்று கேட்டான். அதன் பிறகு தகப்பனாரிடம் போய் நின்றான்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றான்.

"நான் யார்கிட்டயும் சொல்லலடா."

"அப்புறம் எப்படிப்பா தெரிஞ்சுது?"

எமில் மீன் தட்டைத் தள்ளி வைத்தார். கார்ல்தான் முக்காலியில் இருந்தபடியே குறுக்கே பேசினார். சண்டை மூட்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். "தம்பி, அவரைத் திட்டாத. உங்க அப்பா ஒரு வார்த்த பேசல. கையைத் தூக்கல, அவ்ளோதான். நான்தான் ரேடியோல கேட்டுத் தொலைச்சேன். பத்தொம்பது டாலர் போச்சேன்னு ஒரு வயித்தெரிச்சல்" என்றார்.

டேனி அவர் பக்கம் நடந்து போனான். "பத்தொம்பது டாலரா?" என்று கேட்டான்.

"விளையாட்டுப் பணம்தாம்பா" என்று கார்ல் சொன்னார். அப்படிச் சொல்லும்போது சிரித்தார். சங்கடத்தில் சிரிக்கிற சிரிப்பு அது.

டேனி இடது கையால் முகத்தில் ஒரு குத்து விட்டான். ஒரே குத்துதான். வலது கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கார்ல் முக்காலியோடு பின்னால் சாய்ந்தார். சுவரோரம் இருந்த, அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாயில் பின்மண்டை அடித்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. பாட்ஸி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

எமில் அதுவரை நாற்காலியிலிருந்து எழவில்லை. குத்து விழுந்தபோது அவருடைய இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. அதை நான் பார்த்தேன். அதன் பிறகு எழுந்து வந்து கார்லின் தலைக்குக் கீழே தன் கோட்டை மடித்து வைத்தார். வைத்துவிட்டு எழுந்து, வலது கை விரல் முட்டிகளைச் செங்கல் சுவரில் அழுத்தி ஒரு இழு இழுத்தார். தோல் உரிந்து ரத்தம் வந்தது. மகனைப் பார்த்து, "நீ இப்பத்தான் உள்ள வந்த. புரியுதா?" என்றார். டேனி "அப்பா" என்று ஒரு தரம் சொன்னான். எமில் எங்கள் பக்கம் திரும்பி, "அன்னிக்கு என் கை எழும்பல. இன்னிக்காவது எழும்பினதா இருக்கட்டும். நான்தான் அடிச்சேன், பாத்தீங்கல்ல?" என்று கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ரோந்துப் போலீஸ்காரர் வந்து ஒவ்வொருவராக விசாரித்தார். எமில்தான் அடித்தார் என்றார்கள். சிலர் மீன் தின்றுகொண்டிருந்ததால் பார்க்கவில்லை என்றார்கள். என்னை அவர் கேட்கவில்லை. எமிலுக்கு விலங்கு போடும்போது டேனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போலீஸ்காரர் வெளியே போக வழி கேட்டார். விலகி வழி விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கார்ல் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கோயில் பூசை முடிந்து வரும்போது பாட்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போலீஸ் கூப்பிட்டா என்ன சொல்வீங்க பெரிசு? டேனிக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க. எமிலே ஏத்துக்கிட்டான். நமக்கென்ன?" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு கார்ல் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டோரீன் காபி கொடுத்தார். எமிலா அடித்தான், எமில் ஒருத்தரையும் கைநீட்டி அடிக்க மாட்டானே என்று கேட்டார். நான் காபியைக் குடித்து முடித்தேன்.

எமில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிற வாக்குமூலத்தை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் உள்ளது நடந்ததல்ல. ஏன் நான் மட்டும் மாற்றிச் சொல்கிறேன் என்று அதிகாரி கேட்டார். எனக்கு டேனி மேல் கோபம் இல்லை. படித்தவர்கள் எதையும் எழுதி வைத்துக்கொண்டு, மறந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு நான் பார்த்தது தவிர வேறு எதுவும் கிடையாது. அதில் தெரிந்தே ஒரு பொய்யைக் கலந்துவிட்டால், அப்புறம் மிச்சத்தில் எது நிஜம் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். எமிலுக்காக வேறு எது கேட்டாலும் செய்வேன்.

எமிலை மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோக முன்னறையில் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அவர் கேட்டபடி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். வெளியே போக வேறு வாசல் உண்டா என்று அதிகாரியைக் கேட்டேன். இல்லை என்றார். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே எழுதியிருப்பது முழுவதையும் அதிகாரி இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. அத்தனையும் என் கண்ணால் பார்த்தது, என் காதால் கேட்டது, உண்மை. கையெழுத்துப் போடத் தெரியாததால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

X
(லியோனர்ட் ஜான் வாஷ்கோவின் குறி)

என் முன்னிலையில் இடப்பட்டது. குறி போட்ட பிறகும் சாட்சி சுமார் இருபது நிமிடம் இருக்கையை விட்டு எழவில்லை.
எம். ஓர்டிஸ், விசாரணை அதிகாரி