நம்பி வாங்கலாம்

குசுமாவதி: சுதீரு, கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்த மூடாதடா! மறுபடி தொறக்கறதுக்கே கால் மணி நேரம் ஆவும்.

சுதீர்: மூடலக்கா. விக்கறவன் பேரப் பாக்கறேன்... இவன்கிட்டயா வாங்கப் போற?

குசுமாவதி: பேர வுடு, பொருளப் பாரு. அப்பா காதுக்கு டாக்டர் சொன்ன அதே மிஷினு. கடையில கேட்டதுல பாதி வெல.

சுதீர்: அதான் பயமா இருக்குது. இந்தப் படம் கம்பெனி நோட்டீஸ்ல இருந்து எடுத்துப் போட்டது. அவனே புடிச்ச போட்டோ ஒண்ணாவது இருக்குதா?

குசுமாவதி: இந்த பிரவுசிங் சென்டர்ல வேலைக்கி வந்ததுல இருந்து உனுக்கு எல்லாருமே திருடனாத் தெரியறாங்க.

சுதீர்: சிரிக்காதக்கா. வேற யாராச்சும்...

குசுமாவதி: எங்க சிரிக்கறேன்? போன வாரம் வேங்கிக்கால் ரோட்டுல லாரிக்காரன் பின்னாலயே ஆரன் அடிக்கறான், அடிக்கறான்... அப்பா திரும்பவே இல்ல. நான் ஓடிப்போய் கையப் புடிச்சி இழுத்தேன். இன்னும் தள்ளிப்போடச் சொல்றியா?

சுதீர்: தள்ளிப்போடச் சொல்லல. இவன் வேணாம்னுதான்...

குசுமாவதி: ஏன், உனுக்குத் தெரிஞ்சவனா?

சுதீர்: ...இல்ல.

குசுமாவதி: பின்ன? கீழ தள்ளிப் பாரு, வாங்கனவங்க எழுதியிருக்காங்க. ‘சொன்ன தேதிக்கு வந்துச்சு. நம்பி வாங்கலாம்.’ திருவண்ணாமலைன்னே போட்டிருக்குது. நம்ம ஊருக்காரன் பொய் சொல்லுவானா?

சுதீர்: அது... எவனோ எழுதனத வுடுக்கா. நான் சொல்றதக் கேளு. காச சைட்டு வழியாத்தான் கட்டணும். மிஷினு கைக்கு வந்துடுச்சுன்னு நாம சொன்னப்புறம்தான் அவனுக்குப் போவும். தனியா போன் பண்ணி, பேங்குல போடுங்கன்னுவான். ஒத்துக்காத.

குசுமாவதி: ...போட்டா?

சுதீர்: போனது போனதுதான். சைட்டுக்காரன் கைய விரிச்சிடுவான். ஏன் கேக்கற?

குசுமாவதி: சும்மாதான்.

சுதீர்: அக்கா... இங்க பாரு. என் மூஞ்சப் பாரு.

குசுமாவதி: திங்கக்கெழமையே போட்டுட்டேன்டா.

சுதீர்: ஐயோ!

குசுமாவதி: கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க... ‘டீச்சரம்மா, டீச்சரம்மா’ன்னு அவ்ளோ மரியாதையாப் பேசனான். நேரா போட்டா இன்னும் கம்மி பண்றேன்னான். மூணு நாளா போன எடுக்க மாட்டேங்கறான். அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

சுதீர்: என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?

குசுமாவதி: நம்ம ஊருக்காரன் எழுதனத நம்பித்தான்டா போட்டேன். அவனுக்கு ஒழுங்கா வந்திருக்குது, இல்ல? அப்போ நமக்கும் வரும்... அவன் யாருன்னு தேடிப் புடிச்சி கேக்கலாமா?

சுதீர்: தேட வேணாம்... அது நான்தான்க்கா. புதுசா வாங்கன செல்லு பௌர்ணமிக் கூட்டத்துல தொலைஞ்சிடுச்சுன்னு வீட்ல சொன்னேனே... தொலையல. அந்தச் செல்லுக்கு இவன்கிட்டதான் காசு கட்டனேன், செல்லு வரவே இல்ல. ‘நல்லதா நாலு வார்த்த எழுது, மறுநாளே அனுப்பறேன்’னான்... எழுதிட்டேன்.