பீமுக்கு நடுவே ஒரு பைப்

“மூண்டு தரம் உங்கட குறிப்பை அழிச்சனான், அண்ணை. நாலாம் தரமும் ஏன் போட்டனீங்கள்?”

காலை ஏழு பத்து சம்பூர் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் எஞ்சினியர் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அவர் கட்டும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பைப் வேலை செய்பவர். அந்த வேலையில் எல்லோரும் தத்தம் போனில் ஒரே வரைபடத்தைத் திறந்து குறிப்பு எழுதுகிறார்கள் என்பது பேச்சில் விளங்கியது.

“என்ட கழிவுப் பைப், மேல்மாடியைத் தாங்குற உங்கட பீமுக்கு நடுவால போகுது, மிஸ். குறிப்பை அழிச்சாலும் பைப் அங்கதானே நிக்கும்.”

“முதல் மூண்டு தரமும் நான் பார்க்கவே இல்லை. பைப்காரர் எப்பவும் இடம் போதாது எண்டுதான் சொல்லுவினம் எண்டு விட்டிட்டன்.”

“ஓம், சொல்லுறனாங்கள்தான்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு எஞ்சினியர் குரலைத் தாழ்த்தினார்.

“கொங்கிறீட் போட்டிருந்தா பீமைத் துளைச்சிருப்பினம். மேல பிள்ளையளின்ட வகுப்பு. பிளானில இருக்கிறது என்ட கையெழுத்து.”

“முந்தி துளைச்சுத்தான் எனக்குப் பழக்கம், மிஸ். பேப்பர் பிளான் என்ட கைக்கு வரேக்க பீம் காய்ஞ்சிடும்.”

“சைட்டில எல்லாருக்கும் முன்னால நன்றி சொல்லப்போறன்.”

“ஐயோ, வேண்டாம்.”

எஞ்சினியர் போனில் எதையோ எழுதினார். பக்கத்தவரின் போன் ஒலித்தது. அவர் கண்ணாடியை மாட்டி மெதுவாக வாசித்தார்.

“பீம் ஒரு அடி தள்ளப்பட்டது. பிழை என்னுடையது. கண்டுபிடித்தவர் பைப் வேலை அண்ணை.”

கண்ணாடியைக் கழற்றி எஞ்சினியரைப் பார்த்தார்.

“இதை ஆர் ஆர் பார்ப்பினம்?”

“எல்லாரும். கொழும்பு ஒபிசிலயும்.”

“அப்ப அண்ணை எண்டு வேண்டாம், மிஸ். பேரைப் போடுங்கோ.”