இரண்டு பச்சை டிக்

நீங்களும் சாரல்தான் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். மேஜைமேல் கிடக்கும் உங்கள் போனில் அந்தப் பச்சைத் துளியைப் பார்த்தேன். நான் வரைந்த படம்தான் அது. வால் சற்றுக் கோணலாக இருக்கும். திருத்த வேண்டும், திருத்த வேண்டும் என்று நினைத்தே வருடங்கள் ஓடிவிட்டன.

நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு, அருவியில் கூட்டம் நெரியும். அதனால் ரொம்பவும் நிதானமாகச் சொல்ல நேரமில்லை.

என் பெயர் நாறும்பூநாதன். தென்காசியில் ஒரு செல்போன் கடையின் மாடிதான் எனக்கு ஆபீஸ், வீடு எல்லாம். சாரல் செய்தி அனுப்பும் ஆப் என்பது உங்களுக்குத் தெரியும். டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். செய்தி ஒரு போனிலிருந்து பக்கத்தில் இருக்கிற போனுக்குத் தாவும், அங்கிருந்து அடுத்த போனுக்குத் தாவும், இப்படியே போய் உரியவரிடம் சேரும். எஸ்டேட் வேலைக்காரர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், எங்கோ பெரு நாட்டு மலையில் ஆடு மேய்ப்பவர்கள்கூட வைத்திருக்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ். அதாவது அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் காசு தர வேண்டாம். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் எல்லாரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

ஜஸ்டின் என்னோடு கல்லூரியில் படித்தவன். செங்கோட்டைக்காரன். ஆரம்பத்திலிருந்து நாங்கள் இரண்டே பேர். ஒருவர் எழுதினால் மற்றவர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். புதிய பதிப்பு வெளியே போக வேண்டுமானால் இரண்டு பேருடைய சாவியும் வேண்டும். சாவி என்றால் கம்ப்யூட்டரில் செருகுகிற சின்னத் துண்டு. ஜஸ்டின் தன்னுடையதை பைக் சாவிக் கொத்தில் மாட்டியிருப்பான். இந்த விதியைக் கொண்டுவந்தவனும் அவன்தான். "நாளைக்கு உனக்குக் கிறுக்குப் பிடிச்சா என்னலே பண்ணுதது?" என்றான். நான்தான் அதிகம் சிரித்தேன்.

டிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு டிக் என்றால் செய்தி கிளம்பிவிட்டது. இரண்டு டிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. மலையில் சில சமயம் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகும். ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "உங்க ஆப்புல செய்தியே போவ மாட்டேங்குது" என்று திட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு வருடம் பாதிப் பேர் போய்விட்டார்கள். நான் தினமும் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். வீட்டில் சாகக் கிடக்கிறவரின் மூச்சைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

அதனால் ஒரு வரியை மாற்றினேன். பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு போன் செய்தியை வாங்கிக்கொண்டாலே இரண்டாவது டிக் வந்துவிடும். அநேகமாகச் செய்தி போய்ச் சேரத்தான் போகிறது. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறோம், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத் தமிழ் மொழிபெயர்ப்போடு சேர்த்து ஜஸ்டினுக்கு அனுப்பினேன். பொத்தான், எச்சரிக்கை, உதவிப் பக்கம் என்று ஆயிரக்கணக்கான வரிகள். நிரலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவன் அவன். தாய்மொழியில் இருப்பதை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? சர்ரென்று தள்ளிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லிவிட்டான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான்கு வருடம் அந்த வரி உலகத்தின் கண்முன்னால் கிடந்தது. ஒருவரும் படிக்கவில்லை.

இந்த சீசனுக்குக் குற்றாலத்துக் கடைக்காரர்களும் அருவியில் காவல் நிற்கிற பையன்களும் ஒன்றுகூடி, மேலே தண்ணீர் கூடினால் சாரலில்தான் செய்தி அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஜஸ்டின் அந்தப் பெருமையிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். மறுநாள் மாடியேறி வந்தான்.

"ஏலே நாறும்பு, ரெண்டாவது டிக்கு எப்ப வருது?"

"போய்ச் சேர்ந்ததும்."

"பொய் சொல்லாதலே. நான் படிச்சிட்டேன்."

கத்தவில்லை அவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் கொடு, சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். "அதுக்குள்ள வெள்ளம் வந்தா? டிக்கப் பாத்துட்டுச் சும்மா இருந்துருவானுவ. ஆளு சாவும்லே. எல்லாருக்கும் எழுதப் போறேன். சரியாவுத வரைக்கும் ஆப்பப் போன்லேருந்து தூக்கிருங்கன்னு சொல்லப் போறேன்" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை பொய் சொன்ன ஆப்பை யார் திரும்ப ஏற்றுவார்கள்? அவனுக்கு பேங்கில் வேலை இருந்தது, மனைவி ஷாரோன் இருந்தாள். எனக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில், "ஓசிக்கு ஆப் செய்யுத மாப்பிள்ளையா?" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சாரலைத் தவிர எதுவும் இல்லை, மேடம். பயந்துபோனேன்.

"படிச்சத வச்சு மட்டும் சொல்லாத. மலையில நேர்ல சோதிச்சுக் காட்டு" என்றேன். என்மேல் அவனுக்கு இன்னும் கொஞ்சம் பிரியம் இருந்தது. சரி என்றான்.

பழைய குற்றாலத்துக்கு மேலே தோப்புகளை ஒட்டிப் போகிற ஓடைதான் எங்களுக்கு வழக்கமான இடம். நான் மேலே, அவன் வளைவுக்குக் கீழே. ஓடையின் நடுப்பாறையில் நிற்கச் சொன்னது நான்தான். அதில் உள்நோக்கம் இல்லை. அங்கேதான் மரம் மறைக்காது. வழியில் மங்குஸ்தான் விற்கிற இராமலட்சுமி அக்காவிடம் மூன்றாவது போன் ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் மேலேற வேண்டும். என் செய்தி ஜஸ்டினுக்குப் போய்ச் சேரும் முன்பே, அந்தப் போன் வாங்கியதுமே எனக்கு இரண்டு டிக் வந்தால், ஜஸ்டின் சொல்வது நிரூபணமாகிவிடும். ஆளுக்கொரு விசில் கழுத்தில் கிடந்தது. "தண்ணி நெறம் மாறினா விசில் அடி. நம்ம ஆப்ப நம்பி நான் நிக்க மாட்டேன்" என்று சிரித்தான்.

அக்கா கையை நீட்டினாள். "குடுங்க தம்பி, இங்கன வச்சிட்டுப் போங்க." தூறல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். முதல் விசாரணையில் கொடுத்தேன் என்றேன், அது தவறு. அக்கா உங்களிடம் சொன்னதுதான் உண்மை. அந்தப் போனை அணைத்து என் பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். போன் அணைந்திருந்தால் டிக் வராது. பார்த்தாயா, நீ சொன்னது தப்பு என்று அவனிடம் சொல்லிச் சில நாள் தள்ளலாம். அன்று நான் போட்டுக்கொண்டு போன திட்டம் அவ்வளவுதான். நான் கொலைகாரன் இல்லை.

மேலே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகிச் சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், பின்னாலேயே வெள்ளம் வருகிறது. விசிலை வாயில் வைத்தேன். உண்மையாகவே வைத்தேன்.

அப்புறம் அதை எடுத்துவிட்டு, "வெள்ளம் வருது. மேல ஏறு" என்று சாரலில் எழுதி அனுப்பினேன். ஒரு டிக் வந்தது. என் போனிலிருந்து வளைவுக்குக் கீழே எட்டாது. நடுவில் ஒரு போன் வேண்டும். அது என் பையில் அணைந்து கிடந்தது. எடுத்து ஆன் செய்தேன். பழைய போன், உயிர்பெற நேரம் பிடிக்கும். கம்பெனிப் படம் வரும், போகும், மறுபடி வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே சத்தம் மாறியது. போன் எழுந்ததும் என் வலது கையிலிருந்து இடது கைக்குச் செய்தி போனது. இரண்டு டிக் வந்தது.

அதைத்தான் உங்கள் எல்லாருக்கும் காட்டினேன். "செய்தி போயிருக்கு, பாவம், அவந்தான் கவனிக்கல" என்றார்கள். அவன் உடல்தான் கிடைத்தது; போனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. 'எச்சரித்த ஆப்' என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்த வாரத்தில் சாரலை ஏற்றியவர்கள்போல எந்த வருடமும் ஏற்றியதில்லை. அழுதேன், மேடம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

இப்போது அருவி அத்தனையும் அந்த டிக்கை நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தூக்கமில்லை. ஒரே ஒரு வரி, சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் வெளியிட ஜஸ்டினின் சாவி வேண்டும். கேட்டுப் போனேன். ஷாரோன் நிலைப்படியிலேயே நிறுத்திவிட்டாள். "ரெண்டு டிக்கு வந்துச்சுன்னு ஊரெல்லாம் காட்டுதீங்களே அண்ணே. அந்த டிக்கு பொய்யின்னு முந்தின நாளே அவுக எங்கிட்ட சொன்னாக. சாவி உங்க கைக்கு வராது" என்றாள்.

அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆள் அனுப்பி அந்தச் சாவியை மட்டும் வாங்கித் தாருங்கள். அதன் கடவு எண் எனக்குத் தெரியும். உங்கள் முன்னாலேயே உட்கார்ந்து திருத்தி வெளியிட்டுவிடுகிறேன். தடயத்தை அழிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய வரி எங்கேயும் போகாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எதற்குப் போனை எடுக்கிறீர்கள்? அருவிக்கா? சாரலை நம்பாதீர்கள், தூக்கிவிடுங்கள் என்று சொல்லப் போகிறீர்களா? அதை மட்டும் செய்யாதீர்கள், மேடம். அரைமணி நேரம் பொறுங்கள், மழை இன்னும் இறங்கவில்லை. அது வெளியே பரவினால் சாரல் செத்துப்போகும். அப்புறம் ஜஸ்டின் செத்தது வீணாகிவிடும்.